விண்வெளிப் போர்க்கதைகளும் எம்டன் கப்பலும்

விண்வெளியிலே மரக்கலப் படைகள் பொருதும் கதைகளை நம் மாணவர் பெரிதும் விரும்பிப் படிக்கின்றனர்; படிப்பதினும் மிகுதியாகத் திரையிற் கண்டு களிக்கின்றனர். அதனைக் குறைகூற நாம் எழுதுகோல் எடுத்தோமல்லோம். ஜூல்ஸ் வெர்ன் 1865-இல் மனிதரைப் பீரங்கிக் குண்டினுள் இருத்திச் சந்திரனை நோக்கி ஏவிய கதையும், எச். ஜி. வெல்ஸ் 1898-இல் செவ்வாய்க் கிரகத்தாரை இங்கிலாந்தின் வயல்வெளிகளில் இறக்கிய கதையும் வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கத்தக்கன அல்ல. ஆயினும், இக்காலத்துக் கதைகளிலே ஒரு பகுதி நமக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கின்றது. பகைவர் ஆட்சிக்குட்பட்ட வெளிக்குள் நெடுந்தொலைவு ஊடுருவிச் சென்று, துணையின்றித் திங்கள் பலவாகப் போர்புரியும் படைகளைப் பற்றிய பகுதியே அது. அப்படைகளின் வீரர் பசித்திருப்பதில்லை. அவற்றின் எரிபொருள் தீர்வதில்லை. அவை பழுதுபார்க்கப் படுவதுமில்லை. வெடிமருந்து மட்டும் அட்சய பாத்திரத்திலிருந்து சுரப்பதுபோலச் சுரந்துகொண்டே இருக்கின்றது. எத்தனை வாயில்களுக்கு அப்பாலிருந்தும் தாயகத்தோடு அந்த நொடியே பேசுகின்றனர். இறுதியில் மாலையும் கழுத்துமாகத் திரும்பி வருகின்றனர்.

இக்கதைகளை எழுதுவோர் அயல்நாட்டார் பலர். அவரைத் திருத்துதல் நம் வேலையன்று. நம் கல்லூரியின் இளைஞருள் எவரேனும் தமிழில் இத்தகைய கதையொன்றை எழுத விரும்புவாராயின், அவர் வானத்தை அண்ணாந்து பார்க்கு முன்னர் வங்கக் கடலைச் சற்றே நோக்குதல் வேண்டுமென்பதே நமது கருத்து. இராஜா அண்ணாமலைபுரத்தில் வாழ்வார்க்கு அதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அடையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரம் வரை நடந்தால் போதும். பகைவர் புறத்தே சென்று போரிடும் படையின் இன்பதுன்பங்களை இக்கடற்கரை ஒருமுறையன்று, பன்முறை கண்டிருக்கின்றது. அவற்றுள் எம்டன் கப்பலின் வரலாறே தலைமையானது.

"அவன் பெரிய எம்டன்" என்று ஒருவனைப் பற்றி நம் வீடுகளில் சொல்வதுண்டு. அஞ்சத்தக்கவன், தந்திரசாலி, எளிதிற் பிடிபடாதவன் என்னும் பொருள் மூன்றும் அச்சொல்லிற் கலந்திருக்கின்றன. அச்சொல் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதை இன்றைய மாணவருள் பலர் அறியார். அக்கப்பல் 1908-இல் டான்சிக் நகரில் கடலில் இறக்கப்பட்டது. பத்துப் பீரங்கிகளை உடையது. ஒவ்வொன்றின் குழல்விட்டமும் 10.5 சென்டிமீட்டர். அக்காலத்துப் பெரும் போர்க்கப்பல்களின் முன்னே இஃது ஓர் ஓணான் போன்றது. சீனக் கரையிலுள்ள சிங்தாவில் தங்கியிருந்த ஜெர்மானியக் கீழ்த்திசைப் படையில் அஃது ஓர் உறுப்பு.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது, அப்படையின் தலைவராகிய ஸ்பே என்பார் தம் கப்பல்களைப் பசிபிக் கடலின் நடுவேயுள்ள பாகன் தீவிலே ஒன்றுகூட்டினார். தாயகமோ உலகின் மறுபுறத்தில். இடையிலுள்ள கடல்கள் யாவும் பகைவர் கையில். படை முழுதும் இந்துமாக் கடலுட் புகுந்தால் அத்தனை கப்பல்களுக்கும் நிலக்கரி யார் கொடுப்பார்? ஒரு தனிக் கப்பலாயின், பிடிக்கும் கப்பல்களிலிருந்து எடுத்த கரியைக் கொண்டே பிழைத்துக்கொள்ளக் கூடும். எம்டனின் தலைவர் கார்ல் பான் முல்லர் இவ்வாறு எடுத்துரைக்க, ஸ்பே இசைந்தார். பெரும்படை நிலக்கரி கிடைக்கும் தென் அமெரிக்கக் கரையை நோக்கிச் செல்ல, எம்டன் மார்க்கோமான்னியா என்னும் கரிக்கப்பலொன்றை உடன்கொண்டு மேற்கே திரும்பிற்று.

இந்த ஒரு முடிவையே நாம் வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம். வீரம் பற்றிய பேச்சு அதில் ஒன்றுமில்லை. கணக்குப்பிள்ளையின் பேச்சே இருக்கின்றது. எத்தனை கப்பல், எத்தனை டன் கரி, எத்தனை நாள் ஓட்டம் என்ற மூன்று கேள்விகளே போரின் போக்கை அறுதியிட்டன. விண்வெளிக் கதைகளிலே நூறு கப்பல்கள் பகைவர் புறத்தே புகுவதைக் காணும்போதெல்லாம், இவற்றிற்குக் கரி யார் கொடுப்பார் என்று ஸ்பேயோடு சேர்ந்து நாமும் வினவுகின்றோம்.

இந்துமாக் கடலுட் புகுந்த எம்டன், மூன்று புகைபோக்கிகளையுடைய தன்மீது மரமும் துணியுங் கொண்டு நான்காவதொன்றைப் பொய்யாகக் கட்டிக்கொண்டது. தொலைவிலிருந்து பார்ப்பார்க்கு அது யார்மவுத் என்னும் ஆங்கிலக் கப்பலாகத் தோன்றும். செப்டம்பர் 10-ஆம் நாள் தொடங்கி வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தது. இந்துஸ் என்னும் கப்பலில் சவர்க்காரம் மிகுதியாகக் கிடைத்ததென்றும், அதனால் மாலுமிகள் பெரிதும் மகிழ்ந்தனரென்றும் படிக்கின்றோம். இதனைச் சிறுசெய்தி என்று தள்ளற்க. நானூறு பேர் வெப்பமண்டலக் கடலில், கரித்தூளிடையே, திங்கட்கணக்கில் நெருங்கி வாழ்கின்றனர். அவர்க்குச் சவர்க்காரம் ஒரு வெற்றியே. விண்கலப் போர்வீரன் குளிப்பதாக எந்தக் கதையிலாவது படித்ததுண்டா?

பிடித்த கப்பல்களிற் கிடைத்த செய்தித்தாள்களே எம்டனுக்கு ஒற்றர். எந்தக் கப்பல் எந்நாள் எத்துறையிலிருந்து புறப்படும் என்பதைப் பகைவரே அச்சிட்டுக் கொடுத்தனர்! பிடிபட்ட மாலுமிகளை என்செய்வது என்பதோ பெரிய தொல்லை. அவர்களைக் கடலில் தள்ள முல்லர் மனம் ஒப்பவில்லை. உடன்கொண்டு செல்லவோ சோறும் இடமும் இல்லை. ஆதலின் ஒரு கப்பலை மூழ்கடிக்காமல் நிறுத்திவைத்து, யாவரையும் அதிலேற்றிப் போகவிட்டனர். அக்கப்பலுக்குக் "கந்தல் பொறுக்கி" என்று நகைச்சுவையாகப் பெயருமிட்டனர். கருணையின் விலை என்ன? விடுவிக்கப்பட்டோர் கரையேறியதும் எம்டனின் இருப்பிடம் பகைவர்க்குத் தெரிந்துவிடும். ஒவ்வொருமுறை இரக்கம் காட்டிய பின்னும் எம்டன் அவ்விடத்தை விட்டு ஓடவேண்டியிருந்தது. இதைக் காட்டிலும் நல்ல கதைச்சிக்கல் ஒரு கதாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் முன் வந்து நின்றது. நகரின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. அக்காலத்தில் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியிலேயே கலங்கரை விளக்கம் இருந்தது. அது வழக்கம்போல் ஒளிவீசிக்கொண்டிருந்தது. எம்டன் தன் ஒளிவிளக்கைப் பாய்ச்சி, பர்மா எண்ணெய்க் கம்பெனியாரின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுகொண்டு சுடலாயிற்று. அரைமணி நேரத்திற்குள் ஏறத்தாழ 130 குண்டுகள்! தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐவர் மாண்டனர். உயர்நீதிமன்ற மதிலிலும் ஒரு குண்டு விழுந்தது. கரையிலிருந்த பீரங்கிகள் சில குண்டுகளை எறிந்தன. ஒன்றேனும் எம்டன்மேற் படவில்லை. பின்னர் விளக்குகளை அணைத்துக்கொண்டு அது கடலில் மறைந்தது.

எரிந்த எண்ணெயின் விலையைக் கணக்கிட்டால், பெரும் பேரரசொன்றுக்கு அஃது ஒரு பொருட்டன்று. ஆயின், மறுநாள் தொடங்கி மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நகரைவிட்டு ஓடினார்கள். கடல் வாணிகத்தின் காப்பீட்டுக் கட்டணம் ஏறிற்று. கப்பல்கள் துறைமுகங்களிலேயே முடங்கின. இந்த ஒரு கப்பலைத் தேடி ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ருசியர், ஜப்பானியர் ஆகிய நான்கு நாட்டாரின் போர்க்கப்பல்கள் கடலைத் துழாவின. பகைவர் புறத்துப் போரின் பயன் இதுவேயாகும். அழிக்கப்பட்ட பொருளைவிட, அழிவு வரக்கூடும் என்னும் ஐயத்தாற் கட்டுண்ட பொருள் பன்மடங்கு பெரிது. கதாசிரியரோ கிரகங்களையே வெடித்துச் சிதறச் செய்கின்றனர். எண்ணெய்த் தொட்டி இரண்டு போதும் என்பதை அவர் உணர்ந்தாரில்லை.

இனி விண்வெளிக்கு வருவோம். கடலுக்கும் விண்வெளிக்கும் ஒப்புமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஆராயாமல் எம்டனை அப்படியே தூக்கி வானத்தில் வைத்தல் பிழையாகும். கடலிலே தொடுவானம் உண்டு, இரவு உண்டு, மழைத்திரை உண்டு. இவை மூன்றும் எம்டனுக்குத் துணைநின்றன. விண்வெளியில் இவற்றுள் ஒன்றுமில்லை. அங்கே பின்னணியின் வெப்பநிலை ஏறக்குறைய சுழிக்குக் கீழ் 270 செல்சியஸ் பாகை. மனிதர் உயிர்வாழும் கலமோ 20 பாகையேனும் வெம்மை உடையதாயிருத்தல் வேண்டும். அவ்வெம்மை வெளியே கசிந்தே தீரும். ஆதலால், தக்க கருவி உடையார்க்கு அக்கலம் இருட்டறையிற் கணப்புச் சட்டிபோல் தோன்றும். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் கலத்தின் வானொலிக் கருவி 23 வாட் ஆற்றலே உடையது. வீட்டு மின்விளக்கின் அளவு. 2,300 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் அதன் குரலைப் பூமியிலுள்ளோர் கேட்டிருக்கின்றனர். இத்தகைய வெளியில் ஒரு படை எங்ஙனம் ஒளிந்திருக்கும்? மாயப்போர்வை என்று ஒன்றைக் கற்பித்துத் தப்புகின்றனர் சிலர். நமக்கோ எம்டனின் பொய்ப் புகைபோக்கியே நம்பத்தக்கதாகப் படுகின்றது. எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தே செல்லலாம். வேறொன்றாகத் தெரிந்தாற் போதும். தானிய மூட்டை ஏற்றிச் செல்லும் வணிகக் கலத்தின் வெப்பமும் வேகமும் உடையதாய், வணிக வழியிலேயே, நாட்கணக்கில் நெஞ்சு படபடக்க நகர்ந்து செல்லும் போர்க்கலத்தை எண்ணிப் பாருங்கள்.

பிறிதொரு வேறுபாடும் உண்டு. கடலிலே முன்னே ஒரு குண்டு விழுந்ததும் வணிகக் கப்பல் பொறியை நிறுத்தும். சிறிது நேரத்தில் நின்றுவிடும். விண்வெளியில் பொறியை நிறுத்தினும் கலம் நில்லாது. ஓடிய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதனைப் பிடிக்க விரும்புவோன் தன் வேகத்தையும் திசையையும் அதற்கு ஒப்பாக மாற்றிக்கொள்ளல் வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். ருசிய ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903-இலேயே இக்கணக்கை எழுதிவைத்தார். கொள்ளையிற் கிடைக்கும் எரிபொருள், பிடிக்கச் செலவிட்ட எரிபொருளினும் மிகுந்திருந்தாலன்றி வேட்டைக்காரன் பட்டினியால் மடிவான். ஆகவே அவன் நடுவெளியில் திரிய மாட்டான். கலங்கள் எவ்விடத்தில் வேகங்குறைந்தே ஆகவேண்டுமோ அவ்விடத்தில், கிரகங்களை அடுத்தே, பதுங்குவான். எம்டனும் இதையே செய்தது. இலங்கையைச் சுற்றிலும், மினிக்காய்த் தீவை அடுத்தும், கப்பல் வழிகள் ஒடுங்கும் இடங்களிலேயே அது காத்துக் கிடந்தது.

செய்தி செல்லும் வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அக்டோபர் மாதத்தில் எம்டன் தீகோ கார்சியா என்னும் சிறு தீவிற்குச் சென்றது. ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட அத்தீவிலே தென்னந்தோப்புக்காரர் சிலர் வாழ்ந்தனர். உலகப்போர் மூண்டு இரண்டு திங்கள் கழிந்தும் அவர்க்கு அச்செய்தி எட்டவில்லை! ஜெர்மானியரை விருந்தினராக வரவேற்றனர். எம்டனார் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டித் தூய்மை செய்துகொண்டனர். தீவாரின் பழுதுற்ற இயந்திரப் படகையும் செப்பனிட்டுக் கொடுத்தனர். போரைப் பற்றி வாய்திறவாது விடைபெற்றனர். மண்ணுலகிலேயே இவ்வாறாயின், ஒளியே சென்றடைய 4 ஆண்டுக்கு மேலாகும் பிராக்சிமா என்னும் அண்மை விண்மீனில் என்னவாகும்? அங்கே போர் தொடங்கிய செய்தியும் முடிந்த செய்தியும் ஆண்டுகள் பிந்தியே வரும். செவ்வாய்க்குங்கூட ஒளி செல்ல 3 முதல் 22 நிமிடம்வரை ஆகின்றது. பகைவர் புறத்திலுள்ள தலைவனுக்குத் தாயகத்தின் கட்டளை வாராது, வந்தாலும் பழங்கட்டளையாயிருக்கும். எதைச் சுடலாம், எதைச் சுடலாகாது என்பதை அவன் தன் மனச்சான்றொன்றையே கேட்டுத் துணிய வேண்டும். நொடியிற் பேசும் கருவியைக் கதையிற் புகுத்துவோர், கதையின் உயிரையே தம் கையால் நெரிக்கின்றனர் என்போம்.

ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து போர் செய்தல் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். அதற்கும் விடை நம் அயலிலேயே கிடக்கின்றது. 1672-இல் தெ லா ஏ என்னும் பிரெஞ்சுத் தலைவர் ஒரு படையுடன் வந்து, திரிகோணமலையில் ஒல்லாந்தரால் இடமின்றிப் போய், சாந்தோமைக் கைப்பற்றினார். கைப்பற்றிய நாளே அவர் கட்டுண்ட நாள். தரைப்புறம் கோல்கொண்டா சுல்தானின் சேனை. கடற்புறம் ஒல்லாந்தர் கப்பல்கள். ஈராண்டு பசியோடு போராடி 1674-இல் சரணடைந்தார். முற்றுகையிடப்பட்டோர்க்கு உணவு தேடிச் சென்ற பெல்லாஞ்செர் என்பார், பீஜப்பூர் அரசின்கீழ் ஆண்ட ஷேர்கான் லோடியின் உதவியால் தெற்கே ஒரு சிற்றூரில் இடம்பெற்றார். அச்சிற்றூரே புதுச்சேரி. கோட்டை போயிற்று; அதற்குச் சோறு தேடிய இடம் நகராகி நின்றது! நூறாண்டு கழித்து வந்த சுப்ரென் இதனை நன்கு உணர்ந்தவர் போலும். 1782-இல் துறையொன்றும் சொந்தமாக இல்லாதபோதே சதுரங்கப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை ஆங்கிலேயரோடு பொருது, உடைந்த பாய்மரங்களுக்குத் தம் சிறுகப்பல்களின் மரங்களையே பெயர்த்து நட்டார். திரிகோணமலையைப் பின்னரே பிடித்தார். ஜாக் காம்பெல் என்னும் புனைபெயரினர் 2006 முதல் எழுதிய "தொலைந்த படை" நவீனங்களில் இவ்வறிவு ஓரளவு காணப்படுகின்றது. கி.மு. 401-இல் பாரசீகத்தின் நடுவே சிக்கிய பதினாயிரம் கிரேக்கர் வீடுதிரும்பிய செய்தியே அக்கதைக்கு மூலம். எரிபொருளும் உணவும் தேடி ஒவ்வொரு விண்மீனாகத் தாவிச் செல்லும் அப்படையை நாம் நம்புகின்றோம்.

எம்டனின் முடிவைச் சுருங்கச் சொல்வோம். அக்டோபர் 28-இல் பினாங்குத் துறையுட் புகுந்து, தன் கொடியை ஏற்றிய பின்னர், ருசியக் கப்பலொன்றையும் பிரெஞ்சுக் கப்பலொன்றையும் மூழ்கடித்தது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்க ஒரு குழுவை இறக்கியது. நிலையத்தார் கருவிகள் உடைபடு முன்னரே, அயல்கப்பல் ஒன்று வந்திருக்கின்றதென்று கம்பியில்லாத் தந்தி கொடுத்துவிட்டனர். அருகே படைகளை ஏற்றிச் சென்ற கூட்டத்துக்குக் காவலாயிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியன, எட்டத்திலிருந்தே அடித்தன. எம்டன் பாறைமேல் ஏறி நின்றது. 130-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஸ்பேயின் பெரும்படையும் டிசம்பர் 8-இல் பாக்லாந்து தீவுகளருகே அழிந்தது. கரையில் விடப்பட்ட குழுவினர் மட்டும் ஆயிஷா என்னும் பழைய பாய்க்கப்பலைக் கைக்கொண்டு, சுமத்திராவும் அரபுநாடும் கடந்து, 1915-இல் துருக்கியின் தலைநகரை அடைந்தனர். எத்தனை பீரங்கியிருந்தும் தப்பாதவர் மாள, ஓட்டைப் பாய்க்கப்பல் ஏறினோர் பிழைத்தனர்.

இவ்வளவும் கூறிய பின்னும், நம் உள்ளத்திலுள்ள பெருங்குறையை இன்னும் சொன்னோமில்லை. இக்கதைகள் யாவும் படையெடுத்துச் சென்றவன் கப்பற்றளத்திலே நின்று உலகைப் பார்க்கின்றன. நாமும் எம்டனைப் பற்றிப் பேசும்போது முல்லரின் பக்கத்திலேயே போய் நின்றுகொள்கின்றோம். அவர் பெருந்தன்மை நம்மை மயக்குகின்றது. ஆண்டாரின் திகைப்பைக் கண்டு உள்ளூர நகைத்த சென்னைவாசிகளும் இருந்திருத்தல் கூடும். எம்டன் என்னும் சொல்லில் ஒரு மெச்சுதல் தொனிப்பது அதனாற் போலும். ஆனால், சுப்ராவில் மாண்டவர் யார்? அவர்தம் பெயர்களை எந்த நவீனம் பாடிற்று? 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வங்கக் கடலுட் புகுந்து, கொழும்பையும் திரிகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியபோது, சென்னை மீண்டும் காலியாயிற்று. அலுவலகங்கள் உள்ளூர்களுக்குப் பெயர்ந்தன. கூண்டுடைந்து வெளிவந்தால் ஆபத்தென்று விலங்குக் காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். அப்படை சென்னைக்கு வரவேயில்லை. வாராத படைக்கு அஞ்சி இறந்த சிங்கத்தின் கதையை எவர் எழுதுவார்?

நாம் படையெடுத்துச் சென்றதே இல்லையென்று சொல்ல மாட்டோம். 1025-ஐ ஒட்டி இராசேந்திர சோழரின் கலங்கள் கடாரம் வரை சென்றன; அக்கரையில் அன்றிருந்தோர் நம்மை எச்சொல்லால் அழைத்தனரோ! ஆயினும் அண்மை நூற்றாண்டுகளில் நம் பங்கு பெரும்பாலும் கரையில் நிற்பதாகவே இருந்திருக்கின்றது. அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த குயிபிள் தீவருகே 1746-இல் பிரெஞ்சுக்காரர் நவாபின் சேனையைச் சிதறடித்தபோதும், சில நாள் முன்னர் அதே பிரெஞ்சுக் கப்பல்களைப் புயலொன்று சிதைத்தபோதும், இக்கரையார் பார்த்துக்கொண்டே இருந்தனர். கரையிலிருந்து பார்த்தவன் எழுதும் விண்வெளிப் போர்க்கதை எப்படியிருக்கும் என்பதைத் தமிழிலே படிக்க நமக்கு ஆவல்.

அடுத்த ஆண்டு மலருக்கு எவரேனும் எழுதட்டும். கதைத்தலைவன் கப்பற்றலைவனாயிருக்க வேண்டா. செவ்வாயைச் சுற்றிவரும் ஏதோவொரு துறையில் எரிபொருள்தொட்டிக் காவற்காரனாக அவன் இருக்கட்டும். இரவுச் சாப்பாடு முடிந்து, தாயகத்திலிருந்து இருபது நிமிடத்துக்கு முன் புறப்பட்ட மனைவியின் கடிதத்தை அவன் படித்துக்கொண்டிருக்கும் வேளையில், பதிவேட்டின்படி ஒருமணி நேரம் முந்தி வந்துவிட்ட தானியக் கலமொன்றின் புகைபோக்கிகளை அவன் எண்ணத் தொடங்குவானாக.